படலைத் திறந்ததும் முதலில் வருபவள்

பனி காய்ந்து ஒன்பது மணி ஆனதும் ஆட்டுக் கொட்டகையின் படலைத் திறப்பது என் வேலை. மொத்தம் 14 ஆடுகள். முதலில் வருபவள் பெரியவள். வாசலில் நின்று காற்றை மோந்து பார்த்துவிட்டுத்தான் காலை வெளியே வைப்பாள். அவள் பின்னாலேயே மகள் வெள்ளைக்காதி. அப்புறம் கொம்பி, அவளை ஒட்டி இரண்டு மூன்று பேர், நடுவில் இடித்துப் பிடித்துக்கொண்டு சுட்டி. கடைசியாகப் பூச்சி. எல்லாரும் போய் வாசல் காலியான பிறகுதான் அவள் வருவாள். மழையோ வெயிலோ, இந்த வரிசை மாறாது. மாறினால் அன்றைக்கு மற்ற வேலைகளைத் தள்ளிவைத்துவிட்டு, இடம் மாறி வந்த ஆட்டின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவேன்.

ஓர் ஆட்டைப் பறிகொடுத்த பிறகு வந்த பழக்கம் இது.

எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில், எட்டயபுரத்துக்கும் விளாத்திகுளத்துக்கும் நடுவில் இருக்கிறது. கரிசல் காடு, வானம் பார்த்த விவசாயம். 3 ஏக்கரில் புரட்டாசி வாக்கில் உளுந்தோ பாசியோ கம்போ விதைப்போம். வடகிழக்குப் பருவமழை சரியாகப் பெய்தால் தை மாதம் கையில் ஏதோ நிற்கும். பெய்யாத வருஷங்களில் பள்ளிக்கூடச் செலவு, ஆஸ்பத்திரிச் செலவு, கல்யாண மொய் எல்லாவற்றையும் தாங்குவது ஆடுகள்தான். வளர்ப்பது கன்னி ஆடு, இந்தப் பக்கத்துக்கே உரிய இனம். கருப்பு உடம்பு, முகத்தில் இரண்டு பக்கமும் மேலிருந்து மூக்கு வரை இறங்கும் கோடு. கோடு வெள்ளையாக இருந்தால் பால்கன்னி, செம்பழுப்பாக இருந்தால் செங்கன்னி. பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும்.

நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிதில் மந்தையில் ராங்கி என்று ஒரு ஆடு இருந்தது. பேருக்கு ஏற்ற ஆடு. அவள் தின்று முடிக்காமல் மற்ற ஆடுகள் தொட்டிப் பக்கம் வர முடியாது. வந்தால் விலாவில் ஒரு முட்டு. அந்த வருஷம் எங்கள் நாத்தனார் மகளுக்குச் சடங்கு நடந்தது. மிஞ்சிய சோற்றை வீணாக்க வேண்டாமே என்று யாரோ ஒரு அண்டா நிறைய ஆட்டுத் தொட்டியில் கொட்டியிருக்கிறார்கள். ராங்கி எல்லாரையும் விரட்டிவிட்டு வயிறு கொண்ட மட்டும் தின்றுவிட்டாள். சாயங்காலம் நான் பார்த்தபோது சுவரைப் பார்த்துத் தனியாக நின்றாள். நிறையத் தின்ற களைப்பு என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். காலையில் எழுந்திருக்க முடியவில்லை. பல்லை நறநறவென்று கடித்தாள், தண்ணீராகக் கழிந்தது, புளித்த வாடை. கால்நடை மருந்தகத்திலிருந்து டாக்டர் வந்து ஊசி போட்டார். நேரம் கடந்துவிட்டது. உச்சிப் பொழுதில் போய்விட்டாள். வயிற்றில் இரண்டு குட்டிகள்.

உறவினர் வீட்டுக்குப் போயிருந்த அத்தை, என் மாமியார், மறுநாள்தான் வந்தார். அழவும் இல்லை, திட்டவும் இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அன்னைக்குச் சாயங்காலம் அவ யாரையாச்சும் முட்டினாளா?”

யோசித்துப் பார்த்தேன். “இல்லை, அத்தை.”

“ராங்கி ஒரு பொழுது முட்டாம நின்னான்னா அவளுக்கு உடம்பு சரியில்லன்னு அர்த்தம், தாயி. பூச்சியோட அம்மா நின்னுருந்தா நானும் கண்டுக்க மாட்டேன். அவ எப்பவும் அப்படித்தான் நிப்பா.”

அன்று தொடங்கி ஒரு நோட்டுப் போட்டேன். ஆளுக்கு ஒரு பக்கம். நிறம், வயசு, குட்டிக் கணக்கு எழுதுவதற்கு முன்னால் அந்த ஆடு வழக்கமாக என்ன செய்யும் என்று எழுதுவேன். சுட்டி தகர டப்பா சத்தம் கேட்டால் எங்கிருந்தாலும் ஓடி வருவாள். பெரியவள் ஓடி வரவே மாட்டாள். கொம்பி படுக்கும் இடம் வடக்கு மூலை, அங்கே வேறு யாரும் படுக்கக் கூடாது. பூச்சி தண்ணீர் குடிக்கும்போது யாராவது பக்கத்தில் வந்தால் பாதியில் விட்டுவிட்டுப் போய்விடுவாள். இப்படித்தான். தீவனம் எடுக்காது, மந்தையை விட்டு ஒதுங்கி நிற்கும், தலையைத் தொங்கப்போடும் என்று நோய்க்கு அடையாளம் சொல்வார்கள். அது எல்லா ஆட்டுக்கும் பொதுவாகச் சொல்வது. எங்கள் பூச்சி நல்ல திடத்தோடு இருக்கும்போதே ஒதுங்கித்தான் நிற்பாள். அதே பூச்சி ஒரு நாள் கூட்டத்துக்கு நடுவில் வந்து நின்றாள். தொட்டுப் பார்த்தால் உடம்பு கொதிக்கிறது.

சந்தேகம் வந்ததும் நான் செய்வது இரண்டு மூன்று காரியம்தான். இடது பக்கம் விலா முடிந்து பள்ளமாக இருக்கும் இடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடிப்பேன். இரைப்பை உள்ளே புரள்வது கைக்குத் தெரியும். நிமிஷத்துக்கு ஒன்று, இரண்டு தடவை புரள வேண்டும். ஒன்றுமே தெரியவில்லை என்றால் அசை நின்றுவிட்டது. ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்தால் 101.5-லிருந்து 103.5 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கீழ் இமையை இழுத்துப் பார்ப்பேன். நல்ல சிவப்பாக இருக்க வேண்டும், வெளுத்திருந்தால் பெரும்பாலும் ரத்தம் உறிஞ்சும் குடற்புழு. பிறகு மருந்தகத்துக்குப் போன் செய்வேன். கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962 என்ற எண்ணும் இருக்கிறது. டாக்டர் “எப்போதிலிருந்து?” என்று கேட்கும்போது, “நேற்று சாயங்காலம் டப்பா சத்தத்துக்கு வரவில்லை” என்று சொல்ல முடிகிறது. வைத்தியத்துக்கு அந்தப் பதில் பெரிய உதவி.

சோறு ஏன் ஆட்டைக் கொல்லும் என்றும் அப்போதுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஆட்டின் இரைப்பை இலைதழைக்குப் பழகியது. சோறு, மாவு, தானியம் திடீரென்று நிறைய உள்ளே போனால் அங்கே இருக்கும் நுண்ணுயிர்கள் அதை வேகமாகப் புளிக்கவைத்து அமிலமாக்கிவிடும். அசை நின்று உடம்பு முழுக்க விஷமாகும். மந்தையில் இதற்கு முதலில் பலியாவது முரட்டு ஆடுதான், ஏனென்றால் அதுதான் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு அதிகம் தின்னும். எந்தப் புதுத் தீவனத்தையும் ஒரு பிடியில் தொடங்கி ஒரு வாரம், பத்து நாளில்தான் கூட்ட வேண்டும். விசேஷ வீட்டுச் சோறு எங்கள் கொட்டகைப் பக்கம் வருவதே இல்லை. அக்கம்பக்கத்தில் விசேஷம் என்றால் நானே போய்ச் சொல்லிவிட்டு வருவேன்.

இன்னொரு விஷயத்தைப் புரிந்துகொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆனது. மந்தைக்கு வழிகாட்டுகிறவளும் மந்தையை மிரட்டுகிறவளும் வேறு வேறு ஆள். பெரியவளுக்குக் கொம்பு கிடையாது. தொட்டியில் கொம்பி முறைத்தால் அவள் சண்டைக்கு நிற்க மாட்டாள், நகர்ந்துவிடுவாள். ஆனால் வெளியே கிளம்பினால் கொம்பி உள்பட எல்லாரும் பெரியவள் பின்னால்தான். எந்த ஓடையில் தண்ணீர் இருக்கும், எந்த வேலியில் கிளுவை துளிர்த்திருக்கும், எந்தத் தோட்டத்தில் நாய் அவிழ்ந்து கிடக்கும் என்று அவளுக்குத் தெரியும். 14 ஆட்டையும் ஓட்ட வேண்டியதில்லை, அவள் ஒருத்தியைத் திருப்பினால் போதும். அவள் கழுத்தில் மட்டும் மணி கட்டியிருக்கிறோம். புதிதாக ஆடு வளர்க்கிறவர்கள் கொம்பும் உடம்பும் பெருத்த ஆட்டுக்கு மணியைக் கட்டுவதைப் பார்க்கிறேன். அப்படிச் செய்யாதீர்கள். நாலு நாள் பின்னால் நடந்து பாருங்கள். ஓர் ஆடு திரும்பினால் மற்றவை தலையைத் தூக்கிப் பார்க்கும். அதுதான் உங்கள் மணிக்கு உரிய ஆடு.

கொம்பியை அடித்துத் திருத்த முடியாது. அது அவள் குணமும் இல்லை, மந்தையின் ஏற்பாடு. அவளை விற்றால் மறுநாளே வேறொருத்தி அந்த இடத்துக்கு வருவாள். நாங்கள் மாற்றியது தீவனம் போடும் விதத்தை. முன்பெல்லாம் குழையை ஒரே இடத்தில் குவித்துப் போடுவோம். கொம்பி நடுவில் நின்றுகொண்டு மிதித்துப் பாழாக்குவாள், மிதிபட்டதை மற்ற ஆடுகள் மோந்துகூடப் பார்க்காது. இப்போது அகத்தி, சூபாபுல், வேம்பு, வாகை என்று தொரட்டியில் ஒடித்து வருவதைச் சின்னச் சின்னக் கட்டுகளாக ஆறேழு இடத்தில் ஆட்டின் முகத்துக்கு மேலே தொங்கவிடுகிறோம். வெள்ளாடு மேல்நோக்கித் தின்னும் பிராணி. முன்னங்காலைத் தூக்கி வைத்து எட்டிக் கடிப்பதில் அதற்கு ஒரு ஆனந்தம். கொம்பியால் ஒரே நேரத்தில் ஏழு இடத்தில் நிற்க முடியாது. பூச்சிக்குத் தனியாக ஒரு கட்டு, தண்ணீருக்குத் தனியாக ஒரு வாளி. இந்த ஒரு மாற்றத்துக்கே நான்கு மாதத்தில் பூச்சியின் விலா எலும்பு மறைந்தது. அவளுக்கு ஏதோ சீக்கு என்று அதுவரை புழு மருந்து மேல் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தோம்.

சந்தையில் வாங்கி வரும் ஆட்டை உடனே கூட்டத்தில் விடுவதில்லை. எப்படியும் மூன்று வாரம் தனியாக வைத்து, ஆட்டுக்கொல்லி, கோமாரி மாதிரி எந்த நோயையும் கொண்டு வரவில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். அந்த நாட்களில் படலுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நின்று மூக்கோடு மூக்கு வைக்க விடாமல் தள்ளித்தான் கட்டுவோம். கடைசி நாட்களில் பக்கத்தில் கொண்டு வருவோம். பிறகு சேர்த்துவிடும்போது திறந்த வெளியில், மேய்ச்சலில் விடுவோம். கொட்டகைக்குள் சேர்த்தால் தோற்ற ஆட்டுக்கு ஓட இடம் இருக்காது. சினை ஆடு அந்தத் தள்ளுமுள்ளில் அடிபட்டு, சினை கலைந்து குட்டியை வீசியதை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

ஆடுகளின் குணம் முழுக்க வெளியே வருவது குட்டி போடும்போதுதான். இதைப் பற்றி எழுத எனக்கு ஆசை அதிகம்.

பூச்சிக்குத் தலையீத்து, அதாவது முதல் பிரசவம். ராத்திரி இரண்டு மணிக்குக் குட்டி விழுந்தது. விழுந்ததைப் பார்த்து அவளே பயந்துவிட்டாள். சுவரோடு சுவராக ஒட்டி நின்றுகொண்டு, குட்டி தட்டுத்தடுமாறி வரும்போதெல்லாம் விலகி ஓடினாள், காலால் உதைத்தாள். நான் குட்டியைத் துணியால் துடைக்கப் போனேன். அத்தை கையைப் பிடித்துக்கொண்டார். “துடைக்காத தாயி. வாடை போயிட்டா அவளுக்கு அது யார் குட்டியோ.” குட்டியின் வாயிலும் மூக்கிலும் இருந்த சளியை மட்டும் விரலால் வழித்தார். அந்த ஈரத்தைப் பூச்சியின் மூக்கிலும் நாக்கிலும் தடவினார். குட்டியின் முதுகில் தவிட்டோடு கொஞ்சம் உப்பைத் தூவினார். இருவரையும் நாலடிக்கு நாலடி படல் கட்டி உள்ளே விட்டு, விளக்கை அணைத்துவிட்டு எங்களை வெளியே வரச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் நக்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு தொண்டைக்குள்ளேயே ‘ம்ம்ம்’ என்று ஒரு சத்தம். தன் குட்டியிடம் மட்டும் ஆடு பேசுகிற சத்தம் அது. நாங்கள் இரண்டு பேரும் இருட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

அரைமணி, மிஞ்சினால் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குட்டியின் வயிற்றுக்குப் போய்விட வேண்டும். தாய் முரண்டு பிடித்தால் காம்பைப் பீய்ச்சி அடைப்பை எடுத்துவிட்டு, ஒருவர் தாயைப் பிடிக்க, ஒருவர் குட்டியின் வாயில் காம்பை வைக்க வேண்டும். 2 கிலோ குட்டிக்கு முதல் நாளில் 200 மில்லியாவது போக வேண்டும், அதையும் பல தடவையாக. தொப்புள் கொடியில் டிஞ்சர் அயோடின் வைக்க மறக்கக் கூடாது. அன்றைக்குக் குட்டியை உதைத்த பூச்சி இன்றைக்கு எங்கள் மந்தையிலேயே பொறுமையான தாய். ஒரு தலையீத்தை வைத்து ‘இது தாய்மை இல்லாத ஆடு’ என்று விற்றுவிடாதீர்கள். இரண்டாவது ஈத்திலும் அதே மாதிரி செய்தால் அப்போது யோசிக்கலாம்.

பெரியவளின் விஷயம் நேர் எதிர். தனக்குக் குட்டி பிறக்க இன்னும் இரண்டு நாள் இருக்கும்போதே, வேறு ஆடு போட்ட குட்டியை நக்கிச் சொந்தமாக்கிக்கொள்வாள். பெற்றவளை அண்டவிட மாட்டாள். ஒரு தடவை அப்படி வெள்ளைக்காதியின் குட்டி ஒன்று பால் இல்லாத மடியில் சப்பிக்கொண்டே ஒரு பகல் முழுக்கக் கிடந்தது. அதிலிருந்து மடி இறுகி, வாலடியில் இரண்டு பக்கமும் குழிவிழுந்து, காலால் தரையைப் பறிக்க ஆரம்பித்த ஆட்டைத் தனியே பிரித்துவிடுகிறோம். சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். கிடா சேர்த்த தேதி நோட்டில் இருந்தால் இந்தப் பிரிப்பு சிரமமே இல்லை.

வெள்ளைக்காதி குட்டியைப் புதரடியில் படுக்கவைத்துவிட்டு மேயப் போய்விடுவாள். ‘விட்டுவிட்டுப் போய்விட்டாளே’ என்று முதல் வருஷம் நான் குட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அவள் திரும்பி வந்து அந்தப் புதரைச் சுற்றிச் சுற்றிக் கத்தியது தெரு வரை கேட்டது. வெள்ளாட்டுக் குட்டிக்கு முதல் சில நாட்கள் ஒளிந்து படுத்திருப்பது இயற்கை. செம்மறிக் குட்டி மாதிரி தாயை ஒட்டியே நடக்காது. தாய் மறந்துபோவதில்லை, இடம் அவளுக்குத் தெரியும். நாயும் நரியும் வராமல் நாம் பார்த்துக்கொண்டால் போதும்.

குணத்துக்கும் வருமானத்துக்கும் நேரடியான தொடர்பு உள்ள இன்னொரு இடம் பருவம். கொம்பி கிடாய்க்குக் கத்தினால் ஊரே கேட்கும். பூச்சி வாயே திறக்க மாட்டாள். வாலை லேசாக ஆட்டுவாள், வேறு ஆட்டின் மேல் தாடையை வைப்பாள், அவ்வளவுதான். 18-லிருந்து 21 நாளுக்கு ஒரு முறை வரும் பருவம் ஒன்றரை நாளுக்குள் போய்விடும். அதைக் கவனிக்காமல் இரண்டு முறை விட்டால் ஒன்றரை மாதம் கணக்கில் போய்விடும். அமைதியான ஆடுகளை மலடு என்று விற்றவர்களை நான் அறிவேன். வாங்கிய வீட்டில் அவை இரட்டை இரட்டையாகக் குட்டி போட்டன. பொலிகிடாவை நாங்கள் சித்தப்பா வீட்டிலிருந்து கொண்டு வருகிறோம். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வேறு ஊர்க் கிடாவாக மாற்றிவிடுவோம், தகப்பனே மகளைச் சேரக் கூடாது என்பதற்காக.

பால்புட்டியில் வளர்ந்த குட்டிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளைக்காதி ஒரு வருஷம் மூன்று குட்டி போட்டாள். மூன்றாவதற்குப் பால் போதவில்லை. என் மகள் அதை எடுத்து வளர்த்தாள். மல்லி என்று பேர். புட்டிப்பால் குடித்து, அடுப்படி வாசலில் படுத்து வளர்ந்த மல்லிக்குத் தான் ஆடு என்றே தெரியவில்லை. மந்தையோடு அனுப்பினால் பாதி வழியில் வீட்டுக்குத் திரும்பிவிடும். எந்தத் தழையைத் தின்னலாம், எதை ஒதுக்க வேண்டும் என்று தாயைப் பார்த்துக் கற்க வேண்டிய நாட்களை அது எங்களைப் பார்த்துக் கழித்துவிட்டது. அடுத்த தடவை புட்டிக்குட்டி வந்தபோது அதன் வயசொத்த இன்னொரு குட்டியோடு ஒரே படலில் விட்டோம். பால் கொடுக்க மட்டும் போவது, மற்ற நேரம் ஆடுகளோடு. அது சரியாக வந்தது. மல்லியும் இப்போது தேறிவிட்டாள். ஆட்டுக்கொல்லித் தடுப்பூசிக்கும், மழைக்கு முன்னால் போடும் துள்ளுமாரி ஊசிக்கும் முதல் ஆளாக அவளைத்தான் கொண்டு போய் நிறுத்துவேன். அவள் பயப்படாமல் நிற்பதைப் பார்த்து மற்றவையும் அடங்கி நிற்கும்.

கிடாக்குட்டி என்றால் கதை வேறு. பட்டாணி என்று ஒன்றை அப்படித்தான் கையில் வளர்த்தோம். என் மகன் அதன் நெற்றியில் கையை வைத்துத் தள்ளுவான், அது திருப்பி முட்டும், எல்லாரும் சிரிப்போம். பத்து மாதத்தில் அது 20 கிலோவுக்கு மேல் போய்விட்டது, பழைய விளையாட்டை மறக்கவில்லை. குனிந்து கூட்டிக்கொண்டிருந்த அத்தையைப் பின்னாலிருந்து முட்டியது. முழங்காலில் அடி, இரண்டு வாரம் அவரால் எழுந்து நடக்க முடியவில்லை. பட்டாணிக்குக் கோபம் எதுவும் இல்லை. அதன் கணக்கில் நாங்களும் ஆடுகள், யார் பெரியவர் என்று பார்த்தது, அவ்வளவுதான். அப்படிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது நாங்கள். கிடாக்குட்டியின் நெற்றியைத் தொட்டு விளையாட இனி எங்கள் வீட்டில் யாருக்கும் அனுமதி இல்லை. தொட வேண்டும் என்றால் கழுத்தடியில் சொறிந்துவிடலாம். இனத்துக்கு நிறுத்தாத கிடாக்குட்டிகளை மூன்று மாதத்தில் மருந்தகத்துக்குக் கொண்டு போய்க் காயடித்துவிடுகிறோம்.

சுட்டியின் பேர் நெற்றிச் சுட்டியால் வந்தது. குணத்துக்கும் அது பொருந்திப்போனது. படலில் போட்ட கயிற்று முடிச்சை உதட்டாலேயே இழுத்து அவிழ்த்துவிடுவாள். கொக்கி மாட்டினால் கொம்பால் தூக்குவாள். ஒரு பங்குனியில் படலைத் திறந்துகொண்டு போய், பக்கத்துக் காட்டு அண்ணாச்சியின் மிளகாய்ச் செடியில் இரண்டு பாத்தியை மொட்டையடித்துவிட்டாள். அண்ணாச்சி கோபத்தோடு வந்தார், அவர் கோபம் நியாயம். நட்டத்துக்குப் பதிலாக ஒரு வண்டி ஆட்டு எரு அடித்துக் கொடுத்தோம். இப்போது கொக்கிக்கு மேல் ஒரு சங்கிலி, அதில் ஆணி. அதோடு நிற்காமல் அவளுக்கு வேலையும் கொடுத்தோம். பழைய வண்டிச் சக்கரம், பாறை, மரக்கட்டை என்று கொட்டகை வெளியில் ஏறி இறங்க அடுக்கிப் போட்டோம். மேய்ச்சலுக்குப் போக முடியாத அடைமழை நாட்களில்தான் அவள் சேட்டை அதிகமாக இருந்தது. வெள்ளாட்டுக்கு நனைவதென்றால் ஆகவே ஆகாது, ஆனால் நாள் முழுக்கச் சும்மா நிற்கவும் முடியாது.

மூடி இறுகிய டப்பாவை முட்டிப் பார்த்துவிட்டு, முடியவில்லை என்றால் சுட்டி என் முகத்தைப் பார்ப்பாள். டப்பாவைப் பார்ப்பாள், மறுபடி என்னைப் பார்ப்பாள். 2016-ல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஆடுகளை வைத்து இதே மாதிரி ஒரு சோதனை செய்திருக்கிறார்கள். திறக்க முடியாத பெட்டியில் தீனியை வைத்தபோது, ஆடுகள் பெட்டியையும் பக்கத்தில் நின்ற மனிதரையும் மாறி மாறிப் பார்த்திருக்கின்றன. உதவி கேட்கிற பார்வை. அதைப் படித்தபோது அத்தையிடம் சொன்னேன். “பின்னே, அது நம்மகிட்டதான கேக்கும்?” என்றார்.

விற்பதைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பேர் வைத்து, குணம் அறிந்து வளர்த்ததை எப்படி விற்கிறீர்கள் என்று டவுனில் இருக்கும் தோழிகள் கேட்கிறார்கள். விற்றால்தான் எங்கள் வீடு நடக்கும். கிடாக்குட்டிகளுக்குப் பேர் வைப்பதில்லை என்று பட்டாணிக்குப் பிறகு முடிவு செய்தோம், மகள் அதை மீறி ரகசியமாக வைக்கிறாள், எனக்குத் தெரியும். சனிக்கிழமை எட்டயபுரம் சந்தைக்கு இருட்டோடு கிளம்ப வேண்டும். கிளம்பும் முன் தொங்கு தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்து எடையை எழுதிக்கொள்வோம். எடை தெரியாமல் போனால் தரகர் கையால் தூக்கிப் பார்த்துச் சொல்வதுதான் விலை. தீபாவளி, பொங்கல், பக்ரீத்துக்கு முந்தின சந்தைகளுக்காகவே கணக்குப் பார்த்துக் கிடா சேர்க்கிறோம். ஒன்றை மட்டும் அனுப்பாமல், ஒன்றாக வளர்ந்த இரண்டு மூன்றைச் சேர்த்தே அனுப்புகிறோம். வண்டியில் கத்தாமல் போகும்.

பெட்டைக்குட்டிகளில் எதை நிறுத்துவது என்பதில்தான் குணம் பெரிய அளவில் பேசும். எல்லாரும் உயரத்தையும் நீளத்தையும் பார்க்கிறார்கள். நான் தாயின் பக்கத்தைப் புரட்டுகிறேன். இரண்டு குட்டிக்கும் சமமாகப் பால் கொடுத்தாளா, குட்டியைத் தேடி வந்தாளா, மழை இல்லாத சித்திரையில் எந்தத் தழையைக் கொடுத்தாலும் தின்றாளா. கொம்பியின் குட்டிகள் பார்க்க ரொம்ப அழகு, நல்ல எடை, ஆனால் அவற்றில் ஒன்றுக்கு மேல் நாங்கள் நிறுத்துவதில்லை. ஒரு மந்தைக்கு ஒரு கொம்பி போதும். பூச்சியின் மகள்கள் இரண்டு பேர் இப்போது எங்களிடம் இருக்கிறார்கள். இருவருமே கடைசியில்தான் வெளியே வருகிறார்கள், அம்மாவோடு.

பெரியவளுக்கு இப்போது ஒன்பது வயசு. முழுக்க முளைத்துக் கடை சேர்ந்த பல்லெல்லாம் தேய்ந்து இரண்டு விழுந்துவிட்டது. போன ஐப்பசியில் தரகர் வந்து பார்த்துவிட்டு, இனி குட்டிக்கு ஆகாது, இப்போதே கொடுத்துவிடுங்கள் என்று விலை சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை. என் வீட்டுக்காரருக்கும் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தது. அத்தை மட்டும் “அவ இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. சோளத்தட்டையை அவளுக்காகப் பொடிப்பொடியாக நறுக்குகிறோம், கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்துக் கொடுக்கிறோம், குளிரில் சாக்கு விரிக்கிறோம். குட்டி கிடையாது, பால் கிடையாது. ஆனால் அவள் முன்னால் நடக்கும் வரை மந்தை தப்பான காட்டுக்குள் போகாது. எனக்கு அதுவே பெரிய வரவு.

இப்போதும் படலைத் திறந்தால் முதலில் அவள்தான் வருகிறாள், மெதுவாக. கண்மாய்க்கரை வரை நடப்பாள். அங்கே ஒரு வெள்வேல மரம் இருக்கிறது, அதன் நிழலில் நின்றுவிடுவாள். வெள்ளைக்காதி ஒரு தடவை நின்று பார்த்துவிட்டு மந்தையை மேலே கூட்டிப் போவாள். சாயங்காலம் அவர்கள் திரும்பும் வரை பெரியவள் அங்கேயே படுத்து அசை போட்டுக்கொண்டிருப்பாள். மணிச் சத்தத்துக்குத் தலையை நிமிர்த்துவேன். எழுந்து முன்னால் வந்திருப்பாள், வெள்ளைக்காதி ஒதுங்கி வழி விட்டிருப்பாள், பின்னால் கொம்பி, சுட்டி, மல்லி, எல்லாருக்கும் கடைசியில் பூச்சியும் அவள் மகள்களும்.